ஒத்திகைத் தந்தி

செலின் சிஸ்டர் இறந்துபோன செய்தி எனக்குத் தந்தியில்தான் வந்தது. உடம்பு சரியில்லாமல் விடுப்பு எடுத்துக்கொண்டு திருநெல்வேலிப் பக்கம் தன் சொந்த ஊருக்குப் போயிருந்தார். தந்தியை அவருடைய தம்பி கொடுத்திருந்தார். உறையைக் கிழிக்கும்போது என் கை நடுங்கவில்லை. படித்த பிறகுதான் உட்கார்ந்தேன். எங்கள் குடும்பத்தில் பிறந்த ஒருத்தியால் தந்தியை அப்படிப் பிரிக்க முடிந்ததற்கு அவர்தான் காரணம்.

சிஸ்டர் தில்லியில் ஒரு அரசு மருத்துவமனையில், எலும்பு முறிவு வார்டில் நர்ஸாக இருந்தார். எங்கள் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் ராமமூர்த்தி சார் ஒரு முறை கால் எலும்பு முறிந்து அந்த வார்டில் படுத்திருந்தார். படுத்த இடத்தில் அவருக்கு ஒரே புலம்பல். பெண்கள் பூப்பந்து அணி நன்றாக ஆடுகிறது, ஆனால் வெளியூர்ப் போட்டிக்குப் பெண் மேனேஜர் ஒருவர் கூட வந்தால்தான் அனுமதி, எந்த டீச்சரும் வரமாட்டேன் என்கிறார்கள் என்று. அவர் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்த சிஸ்டர், நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். சார் அதை மருந்து கொடுக்கும்போது சொல்கிற சமாதானம் என்றுதான் நினைத்தாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர், எங்கள் அணி பயிற்சி செய்யும் பூசா ரோடு மைதானத்துக்கு வந்து நின்றார். பூப்பந்தை அதற்கு முன் பார்த்ததில்லை. மஞ்சள் கம்பளிப் பந்தைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்து, "இது என்ன, ஸ்வெட்டர் பின்னி மிஞ்சுன நூலா?" என்று கேட்டார். கடைசிவரை அவருக்குப் புள்ளிக் கணக்கு பிடிபடவில்லை. நாங்கள் கை தட்டினால் அவரும் தட்டுவார்.

"ஆடுதது உங்க வேல. கொண்டு போயிக் கொண்டு வாரது என் வேல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

அந்த வேலையை அவர் செய்த விதம் வேறு யாருக்கும் வராது. இந்தியாவில் எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் அங்கே தெற்கேயிருந்து வந்த நர்ஸ் ஒருத்தி இருப்பாள் என்பது அவர் நம்பிக்கை. அது பொய்த்ததே இல்லை. போட்டி எந்த ஊரில் என்று தெரிந்ததும் அந்த நர்ஸுக்குக் கடிதம் போய்விடும். போட்டி நடத்துகிறவர்கள் நாங்கள் தங்குவதற்கு ஒரு பள்ளிக்கூடம் தருவார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நேரில் போய்ப் பார்த்து அந்தப் பெண் பதில் எழுத வேண்டும். குளியலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் எப்போது வரும், ராத்திரி வாசலில் படுப்பது யார். பதில் திருப்தியாக இல்லையென்றால் நாங்கள் நர்ஸ் ஹாஸ்டலில் தங்குவோம். திரும்பி வருகிற ரயிலுக்கு அந்த ஊர் கவுண்டரில் நின்று இடம் பிடித்துக் கொடுப்பதும் அந்தப் பெண்தான்.

ரயிலில் எங்களை உள்பக்கம் தள்ளிவிட்டு, நடைபாதையை ஒட்டிய கீழ்ப் படுக்கையில் சிஸ்டர் படுப்பார். துவைத்துக் கிழித்த பழைய பருத்திப் புடவைத் துணிகள் ஒரு பை நிறைய அவரிடம் இருக்கும். அந்த நாட்களில் எந்தப் பெண்ணும் கூசிக்கொண்டு போய்க் கேட்க வேண்டியதில்லை. பை எங்கே தொங்குகிறது என்று ஏறியவுடனே சொல்லிவிடுவார். அந்தக் காலத்தில் அம்மாக்கள்கூட எங்களிடம் அவ்வளவு சாதாரணமாகப் பேசியதில்லை.

இவ்வளவு யோசித்தவருக்கும் ஒரு விஷயம் தப்பிப்போயிற்று. முதல் பயணம் ஜபல்பூருக்கு. போய்ச் சேர்ந்த அன்று, வீட்டில் கவலைப்படுவார்களே என்று ஒவ்வொரு வீட்டுக்கும் 'சுகமாக வந்து சேர்ந்தோம்' என்று தந்தி கொடுத்தார். தந்தி என்றாலே சாவுச் செய்தி என்று வீடுகள் பயந்த காலம் அது.

எங்கள் வீடு ஜனக்புரியில். அப்பா பெயர் சேஷன், வங்கி அதிகாரி. ஆங்கிலத்தில் கடிதம் எழுதினால் மேலதிகாரிகள் பாராட்டுவார்கள். அவர் அந்தத் தந்தியைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு அப்படியே நின்றாராம். அம்மா, பெயர் தங்கம், சமையலறையிலிருந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரிக்காதேங்கோ. பிரிக்கற வரைக்கும் ஒண்ணும் ஆகலே."

தந்தி சுவாமி படத்துக்கு முன்னால் போயிற்று. அம்மா தரையில் படுத்துவிட்டாள். கரோல்பாகிலிருந்து மாமா வந்தார், மாமி வந்தாள், அடுப்பு மூட்டவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் என்ன கூட்டம் என்று எட்டிப் பார்த்து, தந்தியை எடுத்துப் பிரித்து, படித்துவிட்டு, எல்லோரையும் ஒரு மாதிரி பார்த்தாளாம்.

நாங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியதும் அப்பா மருத்துவமனைக்குப் போய் சிஸ்டரிடம் சத்தம் போட்டார். சிஸ்டர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். தந்தி கொடுத்தது தப்பில்லை, தந்தியை எப்படிப் பிரிப்பது என்று வீடுகளில் பழக்காமல் போனதுதான் தப்பு, அடுத்த தடவை சரிசெய்துவிடுகிறேன் என்றார். அதோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார்.

அடுத்த வருடம், எழுபத்தெட்டு தசரா விடுமுறையில், நாக்பூரில் போட்டி. அதற்குள் எங்கள் அணியில் ராஜாத்தி சேர்ந்திருந்தாள். முன்வரிசையில் அவள் நின்றால் வலைக்கு மேல் வருகிற எதுவும் தரையைத் தொடாது. அவள் இல்லாமல் நாக்பூர் போவதில் அர்த்தமே இல்லை என்று ராமமூர்த்தி சார் சொன்னார். ஆனால் அவள் அம்மா ஆராயி அனுப்ப மறுத்துவிட்டாள்.

ஆராயி சேலம் பக்கம். இந்தர்புரிக்கு அருகில் ஒரு ஜுக்கிக் குடிசையில் குடியிருந்தாள், நாலைந்து வீடுகளில் பாத்திரம் துலக்கினாள். அவள் புருஷன் பச்சைமுத்து கட்டட வேலைக்காக ஒரு காண்டிராக்டரோடு போபாலுக்குப் போனவர், பொங்கலுக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது தந்தி. படிக்கத் தெரிந்தவர் யாரும் கிடைக்காமல் அது ஒரு பகல் முழுவதும் டீக்கடையில் கிடந்தது.

சிஸ்டரோடு நானும் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆராயி எங்களை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் மறுத்தாள்.

"நீங்க நல்லவங்க சிஸ்டர். ஆனா போறவங்க எல்லாரும் நாள் சொல்லிட்டுத்தான் போறாங்க. சொன்ன நாளுக்கு இவ வரலைன்னா நான் எங்க போயித் தேடுவேன்?"

ஒரு நாள் தள்ளிப்போனால் தந்தி கொடுப்பேன் என்றார் சிஸ்டர்.

"தந்தியா? அந்தச் சனியனப் பத்தி எங்கிட்டப் பேசாதீங்க."

சிஸ்டர் வாதாடவில்லை. நாளை வேலைக்குப் போகாமல் வீட்டில் இருங்கள், ஒரு தந்தி வரும், நானே அனுப்புகிறேன், நானும் வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று மட்டும் சொன்னார். ஆராயி அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

மறுநாள் சிஸ்டர் வார்டில் வேலையை மாற்றிக்கொண்டு, காலையில் தந்தி ஆபீசுக்குப் போய்விட்டு, நேரே ஆராயி வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார். மத்தியானம் காக்கிச் சட்டைக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, "ஆராயி கோன் ஹை?" என்று கேட்டபடி வந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி அழுகைக்குத் தயாராக முந்தானையை எடுத்தாள். ஆராயி உறையை வாங்கி உடனே சிஸ்டரிடம் நீட்டினாள். சிஸ்டர் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நீங்களே பிரிங்க."

ஆராயி பிரிப்பதற்குள் உறையே பாதி கசங்கிவிட்டது. தந்திக்காரர் வாங்கி இந்தியில் படித்துச் சொன்னார். ராஜாத்தி நலம், வீட்டில் இருக்கிறாள். படித்துவிட்டு, இதற்கு ஒரு தந்தியா என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ராஜாத்தி சோப்புக் கையோடு வந்து நின்றாள்.

"நான் நல்லா இருக்கேன்னு எங்க வீட்டுக்கே தந்தியா?"

முந்தானையை எடுத்தவள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆராயி மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"இன்னொரு வாட்டி அனுப்புங்க சிஸ்டர். நீங்க இல்லாத அன்னிக்கு."

அப்படியே அனுப்பினார். இரண்டாவது தடவை அதே தந்திக்காரர் சந்து முனையிலேயே சைக்கிளை நிறுத்தி, "ராஜாத்தி டீக் ஹை!" என்று இந்தியில் நலம் சொல்லிக்கொண்டே வந்தாராம். ஜனக்புரியில் எங்கள் வீட்டிலும் ஒத்திகை நடந்தது. அம்மா அப்பாவை முறைத்துக்கொண்டே பிரித்து, கண்ணாடி போட்டுப் படித்து, "நம்மாத்துப் பொண்ணு சௌக்கியமாம்" என்று என்னிடமே சொன்னாள்.

ஆராயி ராஜாத்தியை அனுப்பினாள். திங்கட்கிழமை காலையில் திரும்பிவிட வேண்டும். தவறினால் விளையாட்டும் கிடையாது, பள்ளிக்கூடமும் கிடையாது. இதை அவள் கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

நாக்பூரில் நாங்கள் முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம், அடுத்ததிலும் ஜெயித்தோம். எங்களுக்கே நம்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இறுதி ஆட்டம், மத்தியானம் ரயில். ஞாயிறு விடிந்தபோது மழை கொட்டியது. களிமண் மைதானம் குளமாகிவிட்டது. இறுதி ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று.

ராமமூர்த்தி சாருக்குச் சந்தேகமே இல்லை. இறுதிவரை வந்துவிட்டு ஆடாமல் போவார்களா, ஆராயிக்கு ஒரு தந்தி கொடுத்துவிட்டால் முடிந்தது என்றார். சிஸ்டர், நாங்கள் தங்கியிருந்த நர்ஸ் ஹாஸ்டல் வராந்தாவில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் ராஜாத்தியை உட்காரவைத்தார்.

"ஏட்டி, இங்க பாரு. உங்கம்மா ரெண்டு தந்தி பிரிச்சிருக்காங்க. மூணாவதும் பிரிப்பாங்கன்னு நான் நெனைக்கேன். என் நெனப்பு தப்பாப் போனா உன் படிப்புல்லா போயிரும்? நீ போகணும்னு சொல்லு, இப்பவே உன்னக் கூட்டிக்கிட்டு நானும் ரயிலேறுதேன். இவ இல்லாமத் தோத்தோம்னு எவளும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா நான் பாத்துக்கிடுதேன்."

மழை பெய்துகொண்டிருந்தது. ராஜாத்தி தன் மட்டையின் பிடியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

"பிரிப்பாங்க சிஸ்டர்" என்றாள்.

சிஸ்டர் உடனே குடையை எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை வருகிறோம் என்று ஆராயிக்குச் சொல்லத் தந்தி ஆபீசுக்குக் கிளம்பினார். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கும் போனார். அவருடைய தோழி சூசையம்மாள், அந்த ஊர் நர்ஸ், பிடித்து வைத்திருந்த இடங்கள் எல்லாம் வீணாகிவிட்டன. மறுநாள் பொதுப் பெட்டியில்தான் ஏற முடியும்.

இறுதி ஆட்டத்தில் தோற்றோம். ராஜாத்தி நன்றாகத்தான் ஆடினாள், அவர்கள் எங்களைவிட நன்றாக ஆடினார்கள். பொதுப் பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வரும்போது தோல்வியைப் பற்றி யாரும் பேசவில்லை. எல்லோர் மனதிலும் ஆராயிதான் இருந்தாள். சிஸ்டர் கதவருகே நின்றுகொண்டே வந்தார். ராஜாத்திக்கு இடம் கொடுத்துவிட்டார்.

புது தில்லி பிளாட்பாரத்தில் ஆராயி நின்றுகொண்டிருந்தாள். ராஜாத்தியின் தலையில் கை வைத்துப் பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு சிஸ்டர் பக்கம் திரும்பினாள்.

"கை நடுங்கிச்சு சிஸ்டர்."

சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா பிரிச்சேன். அந்த ஆளு படிச்சு முடிக்கிறவரைக்கும் நின்னேன், உக்காரல." எங்கள் பக்கம் பார்த்து, "ஜெயிச்சீங்களா?" என்றாள்.

இல்லை என்றோம்.

"இதுக்கா ஒரு நாள் அதிகமா இருந்தீங்க?" என்று மகளின் பையை வாங்கிக்கொண்டு நடந்தாள். அதற்குப் பிறகு ராஜாத்தியை அனுப்புவாளா என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிஸ்டரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு நாக்பூரைவிட அதற்கு அடுத்த வருடம்தான் அதிகம் நினைவுக்கு வருகிறது. விஜயவாடாவில் போட்டி. வழக்கம்போல ஒத்திகைகள் எல்லாம் முடித்துவிட்டுப் போயிருந்தோம். இரண்டாம் நாள், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அணி மேனேஜர் செலின் யார் என்று கேட்டுக்கொண்டு ஒரு தந்திக்காரர் வந்தார்.

தில்லியிலிருந்து வந்திருந்தது. நாங்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தோம். எத்தனையோ பேருடைய முறிந்த எலும்பைப் பிடித்து நேராக வைத்த கை அது. அந்தக் கை நடுங்கியது. உறையை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தார்.

பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அப்படிச் சிரித்து நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. தாளை ராஜாத்தியிடம் கொடுத்தார். அவள் சத்தமாகப் படித்தாள்.

'ஆராயி நலம். வீட்டில் இருக்கிறாள்.'