உருளி கரைந்த வாரம்

என் சித்தப்பா எழுதிய படக்கதைகள் மொத்தம் மூன்று புத்தகங்களாக வந்திருக்கின்றன. நான்காவது வராமல் போனதற்கு நான்தான் காரணம். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது தைரியம் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டிருக்க வேண்டிய ஆள் போய்விட்டார், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மட்டாஞ்சேரியில் இருந்தோம். சித்தப்பா அப்பாவுக்கு இளையவர், கல்யாணம் ஆகாதவர், எங்களோடேயே இருந்தார். பகலெல்லாம் ஒரு சுக்குக் கிடங்கில் கணக்குப்பிள்ளை. மற்ற நேரத்தில் மெட்ராஸில் அச்சாகும் ஒரு சிறுவர் வாரப் பத்திரிகைக்குக் கதாசிரியர். ‘பாய்மரப் பூதம்’, ‘மிளகுத் தீவு மர்மம்’, ‘மூன்று கண் முதலை’ மூன்றும் அவருடையவை. அட்டையில் ஓவியர் பெயர் பெரிசாகவும் சித்தப்பாவின் பெயர் எறும்பு மாதிரியும் இருக்கும். கிடங்கில் வீணாகும் தாள்களின் பின்பக்கத்தில்தான் எழுதுவார். அதனால் கதை முழுக்கச் சுக்கு வாசனை அடிக்கும். ‘உங்கள் உறையைப் பிரித்தால் ஆபீஸ் முழுக்கத் தும்முகிறது’ என்று ஆசிரியர் ஒரு தடவை எழுதியிருந்தார். அதையும் பாராட்டுக் கடிதமாக எண்ணி அம்மாவுக்குப் படித்துக் காட்டினார் சித்தப்பா.

படக்கதை எழுதுவது எப்படி என்று நிறையப் பேருக்குத் தெரியாது. தாளை நெடுக்காக மடித்து, இடது பக்கம் ‘படம்’, வலது பக்கம் ‘பேச்சு’ என்று எழுத வேண்டும். இடது பக்கம் என்ன எழுதியிருக்கிறதோ அதை ஓவியர் வரைவார். எங்கள் ஓவியரை சித்தப்பா நேரில் பார்த்ததே கிடையாது. ஆனால் மனிதர் சொல் தட்டாதவர். எழுதியதை எழுதியபடியே வரைந்துவிடுவார். அங்கேதான் வினை. ‘மூன்று கண் முதலை’யில் ‘ராஜா கசேரையில் இருக்கிறார்’ என்று சித்தப்பா எழுதிவிட்டார். எங்கள் வீட்டில் நாற்காலிக்குக் கசேரை என்றுதான் பேர். கொச்சித் தமிழ் பாதி மலையாளம். ஓவியர் அதைக் கச்சேரி என்று படித்துக்கொண்டு, முதலை வேட்டைக்குக் கிளம்பிய ராஜாவின் இரண்டு பக்கமும் பிடிலையும் மிருதங்கத்தையும் உட்கார்த்தி வைத்துவிட்டார்.

ஆசிரியர் அந்தத் தடவை சிரித்துவிட்டு, இனிமேல் மலையாளம் கலக்கக் கூடாது என்று எச்சரித்து எழுதினார். கூடவே இன்னொன்றும் எழுதியிருந்தார். அடுத்த தொடர் ஒழுங்காக முடிந்தால் அதைப் புத்தகமாகப் போடலாம். சித்தப்பாவும் மெட்ராஸுக்கே வந்துவிடலாம், உதவி ஆசிரியர் இடம் காலியாக இருக்கிறது. அந்தக் கடிதத்தை சித்தப்பா மடித்து மடித்தே கிழித்தார். ‘ஏப்ரல் வரைக்கும்தான் இருப்பேன்’ என்று கிடங்கு முதலாளியிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் கதையைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை ஆயிற்று. பத்து வயசுக்காரிக்கு இந்தப் பதவி எப்படிக் கிடைத்தது என்றால், மூன்றாம் வகுப்பை நான் மெட்ராஸில் பெரியம்மா வீட்டில் இருந்து படித்தேன். சேர்ந்த அன்றைக்கே பள்ளிக்கூட வாசலில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். டீச்சர் ஏன் அழுகிறாய் என்று கேட்க, “நான் ஒண்ணும் கரையலே” என்றேன். எங்களுக்குக் கரைவது என்றால் அழுவது. வகுப்பே கொல்லென்று சிரித்தது. “கரையறதுக்கு நீ என்ன சர்க்கரையா?” என்றாள் ஒருத்தி. வருஷம் முழுக்க எனக்கு அதுதான் பேர். திரும்பி வந்தபின் இதை சித்தப்பா ஒருவரிடம் மட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அப்போ உனக்குத்தான் ரெண்டும் வேற வேறயாத் தெரியும். இனிமே நீ பாத்துச் சொன்னாத்தான் கதை மெட்ராஸ் போகும், கேட்டயா?” என்றார்.

இது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கெடுத்தது புதுத் தொடர். அதன் கதாநாயகி ஒரு குண்டுப் பெண். அப்பம் என்றால் உயிர், பயம் என்றால் என்னவென்றே தெரியாது, குன்றின் உச்சியிலிருந்து உருண்டு வந்து கொள்ளைக்காரர்களைச் சாய்ப்பாள். பெயர், உருளி. பாயசம் காய்ச்சுகிற உருண்டைப் பாத்திரம்தான். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே சித்தப்பா என்னை அப்படித்தான் கூப்பிடுவார். வீட்டுக்குள் செல்லமாக இருந்ததை அச்சில் ஏற்றிவிட்டார் மனிதர். என் வகுப்பில் இன்னொரு தமிழ்க் குடும்பத்துப் பெண் இருந்தாள், எங்கள் வீட்டுக்கு வந்துபோகிறவள், என் செல்லப்பேர் தெரிந்தவள். அவள் வீட்டுக்கும் அந்தப் பத்திரிகை வரும். மகராசி, வாரம் தவறாமல் கதையை மலையாளத்தில் எல்லாருக்கும் சொல்லிவிடுவாள்.

“பேரை மாத்துங்கோ சித்தப்பா” என்று கெஞ்சினேன். “அசடே, அவளுக்கு மெட்ராஸ்லேந்து குழந்தைகள் லெட்டர் எழுதறதாக்கும்!” என்று என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வந்தார். ஒவ்வொருவரையும் எடை மேடையில் ஏற்றிப் பார்த்தார். என் முறை வந்ததும் பின்னாலிருந்து ஒருத்தி “உருளி” என்று மெதுவாகச் சொன்னாள். அடுத்தவள் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பிறகு வகுப்பு முழுக்கத் தாளம் போட்டு “உருளி, உருளி” என்றது. டாக்டரும் சிரித்துவிட்டார். அந்த எடை மேடையிலிருந்து நான் எப்படி இறங்கினேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. உருளி செத்துத் தொலையட்டும் என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஞாயிறு காலை சித்தப்பா வழக்கம்போல் தாள்களைத் தந்துவிட்டுச் சாயாவோடு எதிரே உட்கார்ந்தார். கப்பல் உடைந்து உருளி கடலில் தனியாக மாட்டிக்கொள்கிற கட்டம். இடது பக்கத்தில் இருந்தது: ‘நடுக்கடலில் உருளி ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு கரைகிறாள். கரைந்து கரைந்து தளர்ந்துபோகிறாள்.’ எழுதுகிற வேகத்தில் வீட்டுப் பேச்சு வந்து விழுந்துவிட்டது. எந்த வார்த்தை தப்பினாலும் எனக்கு அந்த வார்த்தை தப்புமா? விரல் அதன் மேலேயே நின்றது.

“மலையாளம் வல்லதும் ஒட்டிண்டிருக்கோ?” என்று கேட்டார் சித்தப்பா. வல்லதும் என்றால் ஏதாவது.

“ஒண்ணும் இல்லை சித்தப்பா.”

சாயங்காலம் போட்டில் எர்ணாகுளம் போய், ரயில்வே ஸ்டேஷன் தபால் பெட்டியில் தன் கையால் போட்டுவிட்டு வந்தார்.

நாலாம் வாரம் பத்திரிகை வந்தது. ஓவியர் இந்தத் தடவையும் சொல் தட்டவில்லை. முதல் கட்டத்தில் உருளி இடுப்பு வரை இருந்தாள். இரண்டாவதில் கழுத்து வரை. மூன்றாவதில் பின்னலும் ரிப்பனும் மட்டும். நான்காவதில் வெறும் கடல், மேலே கொஞ்சம் நுரை. ஆசிரியர் ஊரில் இல்லாத வாரமாம், யாரும் கவனிக்கவில்லையாம். வீட்டில் அண்ணன்மார் தரையில் புரண்டு சிரித்தார்கள். அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தார். பிறகு அவரும் சிரித்து, “கேமமா, பிரமாதமா வரைஞ்சிருக்கான்” என்றார். சொல்லிவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். நான் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே கடிதம் வந்தது. ‘கதாநாயகி கரைந்துவிட்டாள். இனித் தொடரும் என்று போட ஆள் இல்லை. தங்கள் கற்பனைக்குக் குறைவில்லை, தமிழ்தான் நமக்குச் சரிப்படவில்லை.’ உதவி ஆசிரியர் இடத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மறுநாள் காலை, ஏப்ரலில் போகவில்லை என்று சொல்ல சித்தப்பா முதலாளி வீட்டுக்குப் போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவர் தெருவில் இறங்கி நடந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உருளி ஒழிந்தாள் என்று எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். சாதம்தான் இறங்கவில்லை.

சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா பழையபடி தாள்களை நீட்டினார். உருளியை எப்படியோ கடலிலிருந்து மீட்டிருந்தார். “வேற பத்திரிகைக்கு அனுப்பறதா இருக்கேன். நன்னாப் பாரு” என்றார்.

பார்த்தேன். கல் பொறுக்குகிற மாதிரி பார்த்தேன். நாய் வர வேண்டிய இடத்தில் ‘பட்டி’ இருந்தது. தண்ணீருக்கு ‘வெள்ளம்’, குழந்தைக்கு ‘குட்டி’. ஒவ்வொன்றையும் அடித்துத் திருத்தும்போது நெஞ்சில் கொஞ்சம் பாரம் இறங்கும். வாரத்துக்கு வாரம் தவறுகள் அதிகமாகிக்கொண்டே வந்தன. சித்தப்பாவின் தமிழ் இப்படித் தேய்கிறதே என்று நான் பெரிய மனுஷி மாதிரி வருத்தப்பட்டேன். ‘என்னை விட்டால் இவருக்கு ஆர் இருக்கா’ என்று ஒரு கர்வம் வேறு.

மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுப்பக்கத்தில் அந்த வரி வந்தது. ‘உருளி வாசலில் நின்று கரைந்தாள்.’ சட்டென்று அடித்து, மேலே ‘அழுதாள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். சித்தப்பா தாளை எட்டிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார்.

“வேற ஒண்ணும் சொல்லறதுக்கு இல்லையா?” என்றார்.

“இல்லை சித்தப்பா.”

“சரி. இனி மதி” என்று தாள்களை மடித்துக்கொண்டார். மதி என்றால் போதும். அதற்குப் பிறகு அவர் கதை எழுதவில்லை. சுக்குக் கிடங்கிலேயே தலை நரைத்தார். கடைசிவரை என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. என் குழந்தைகளுக்கு அப்பம் வாங்கிவருவார்.

அவர் போனபிறகு பெட்டியை நான்தான் பிரித்தேன். மூன்று புத்தகங்கள் இருந்தன. நான் திருத்திய தாள்கள் அத்தனையும் உறைக்குள், தபால் தலை ஒட்டாமல் இருந்தன. அடியில் ஒரு நோட்டு. எதையும் முதலில் நோட்டில் எழுதிவிட்டுத்தான் தாளில் படி எடுப்பார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தாளில் ‘பட்டி’ இருந்த இடத்தில் நோட்டில் நாய் இருந்தது. ‘வெள்ளம்’ இருந்த இடத்தில் தண்ணீர். எனக்குத் திருத்தக் கொடுப்பதற்காக, நல்ல தமிழை உட்கார்ந்து கெடுத்திருக்கிறார். கடைசி ஞாயிற்றுக்கிழமையின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். ‘உருளி வாசலில் நின்று அழுதாள்’ என்று, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

வேற ஒண்ணும் சொல்லறதுக்கு இல்லையா என்று அவர் கேட்டபோது, இன்னும் ஏதாவது பிழை இருக்கிறதா என்றுதான் கேட்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தை மேலிருந்து கீழாக இன்னொரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான், இல்லை என்று சொன்னேன்.