டாக்சி வேண்டாம் என்றார்

அம்மாவுக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்ததும், கொழும்பிலிருந்து முதல் தடவையாக விமானம் ஏறினேன். மீனம்பாக்கத்தில் அக்கா புருஷன் எனக்காகக் காத்திருந்தார். வாசலில் டாக்சிகள் நின்றன. விமானக் கம்பெனி பஸ்ஸும் மவுண்ட் ரோட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ராயபுரத்துக்குச் சீக்கிரம் போகவேண்டுமே என்று டாக்சியைக் கைகாட்டினேன்.

"வேணாம் மச்சான். ரயில்லயே பூடலாம். பீச்சுல எறங்கி ஜட்கா புடிச்சிக்கலாம்."

"அதுக்கு ரொம்ப நேரமாவுமே! அம்மா எப்டி கீது?"

அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். அந்த நடையில் கொஞ்சமும் அவசரம் இல்லை. அப்போதே எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. ஆனாலும் மறுபடி கேட்கப் பயமாக இருந்தது.

சைதாப்பேட்டை தாண்டியதும் அவரே சொன்னார்: "நேத்து காலைல மவுத்தாயிட்ச்சி. சாயங்காலமே அடக்கம் பண்ணிட்டோம். வூட்டாண்ட போறதுக்குள்ள சொல்லிடணும்னுதான் ரயிலுக்கு இட்டாந்தேன்."

எனக்கு எதிரே ஜன்னலோரம் ஓர் இடம் காலியாக இருந்தது. எழும்பூரில் பெருங்கூட்டம் ஏறியது. பலர் நின்றுகொண்டே வந்தார்கள். பீச் ஸ்டேஷன் வரும்வரை அந்த இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. நான் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.