மூன்று சொல்லுக்கு ஒரு வரி

திருவனந்தபுரம் தம்பானூரில் லாட்ஜ் ஒன்றில் மேனேஜராக இருந்த யோசுவாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு கர்வம்தான் உண்டு: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ் ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது. முப்பது வருடமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஜலதோஷம் வந்தால்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டே வாசிப்பார்.

2006இல் விழித்திரையில் கோளாறு வந்தது. இனிக் கண்ணாடி மாற்றிப் பயனில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். மனிதர் அசரவில்லை. சனிக்கிழமைதோறும் மனைவி தங்கபாய் பாடத்தைப் படிக்க, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்தார். மறுநாள் விரித்த புத்தகத்தின் முன் நின்று வாசிப்பதுபோல் ஒப்பித்தார். நேரம் பார்த்துப் பக்கம்கூடத் திருப்புவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக அவருக்கு நம்பிக்கை. தெரிந்தால் வேறு ஆள் போட்டுவிடுவார்களே என்ற பயமும் அதே அளவு இருந்தது.

2009 டிசம்பரில் வந்த பாடம் வெறும் வம்ச அட்டவணை. இன்னாருக்கு இன்னார் மகன் என்று நாற்பது பெயர்கள், ஒன்றும் வாயில் நுழையாதவை. மூன்று நாள் முட்டி மோதியும் பன்னிரண்டாவது பெயரைத் தாண்ட முடியவில்லை.

லாட்ஜ் மாடியில் தங்கியிருந்த ஜெயந்துக்கு டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. மின்நூல் படிக்கும் கருவிகளில் எழுத்து எப்படி வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே அவன் உத்தியோகம். இதற்கெல்லாமா சம்பளம் என்று முன்பு சிரித்த யோசுவா, இப்போது அவனிடமே போய் உண்மையைச் சொன்னார்.

"இந்த ஞாயிறு ஒண்ணு கடந்து கிட்டினா மதி, மக்கா." இந்த ஒரு வாரத்தைத் தாண்டிவிட்டால் போதுமாம்.

முதல் கருவியில் தமிழ் முழுக்க எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. இரண்டாவதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக எழுத்து சிதறிக் கிடந்தது. பி.டி.எஃப். ஆக்கி ஏற்றியபோது எழுத்து ஒழுங்காக நின்றது. ஆனால் பெரிதாக்கினால் பாதி வரி திரைக்கு வெளியே ஓடியது. கடைசியில் ஜெயந்த் பக்கத்தையே அந்தத் திரையளவுக்குப் புதிதாக அமைத்தான். எழுத்து கட்டைவிரல் நகமளவு, வரிக்கு மூன்று சொல், வரிக்கு வரி தாராளமாக இடைவெளி.

யோசுவா கருவியை முகத்தருகே கொண்டுபோய் முதல் பெயரை எழுத்துக்கூட்டினார். இரண்டாவதையும் வாசித்தார்.

"தங்கம், இஞ்ச வா! எழுத்து நிக்குதுடீ, ஓடிப் போகல்ல!"

மூன்று வருடத்துக்குப் பிறகு தன் கண்ணாலேயே வாசிக்கிறார். தங்கபாய் அழுதேவிட்டாள்.

ஞாயிறன்று கருவியைப் புத்தகத்துக்குள் மறைத்து எடுத்துப் போனார். கணீரென்று வாசித்தார். ஏழாவது பெயரோடு பக்கம் முடிய, பொத்தானை அழுத்தினார். அந்தக் காலத்துக் கருவி அது. திரை ஒரு கணம் முழுக்கக் கறுத்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் வரும். யோசுவா காத்து நின்றார்.

அதற்குள் முன்வரிசையிலிருந்து மெல்லிய குரலில் எட்டாவது பெயர் வந்தது. நடுவரிசையிலிருந்தும் அதே பெயர். பாடகர் குழுவிலிருந்தும் அதே பெயர். அவர் எங்கேயாவது மறந்து நின்றுவிட்டால் எடுத்துக்கொடுக்க, சபை முழுவதும் அவரவர் வேதப் புத்தகத்தில் வரிமேல் விரலை வைத்துக் காத்திருந்தது. மூன்று வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் காத்திருந்திருக்கிறது.

யோசுவாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கருவியை எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார்.

"இப்பம் நெசமாவே வாசிக்கேன், கேளுங்க" என்றார்.