சாட்சி வீடு

வேலை பார்த்த அச்சகத்தை மூடியபோது அவன் நாற்பதைத் தாண்டியிருந்தான். இனி எதைக் கற்றுக்கொண்டு பிழைப்பது என்று திகைத்து நின்றவனை, காந்த மெத்தை விற்கும் ஒரு கம்பெனி கூப்பிட்டு வகுப்பில் உட்கார வைத்தது. பாடம் எடுத்தவர் வேர்த்து வழிந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார். அதனால் அவருக்குப் பெயரே ‘கோட்டு’.

கோட்டு சொல்லிக்கொடுத்ததில் குறை சொல்ல முடியாது. வாங்குகிறீர்களா என்று கேட்காதே. நீலமா, பழுப்பா என்று கேள். விலையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள், முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான். இதெல்லாம் சில்லறைப் பாடங்கள். கடைசிப் பாடம்தான் பெரியது: நீ பேசும் நூறு வார்த்தையைவிட, வாங்கியவர் சொல்லும் ஒரு வார்த்தை விற்கும். அதனால் முதல் மெத்தை உன் சொந்தக்காரர் வீட்டில் விரியட்டும். அதற்குச் சாட்சி வீடு என்று பெயர்.

அவனுக்கு அக்காவை விட்டால் யார்? அம்மா போனபின் தையல் மெஷினை மிதித்து மிதித்தே அவனை ஆளாக்கியவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை இல்லை. முன்னறையில் அந்த மெஷின், உடம்பில் சர்க்கரை, அவ்வளவுதான் அவள் சொத்து.

“இதுல படுத்தா சர்க்கரை இறங்குமாடா?”

“இறங்கும்க்கா. கம்பெனியிலயே சொல்றாங்க.”

அவன் எத்தன் இல்லை. கோட்டின் வகுப்பில் முதலில் ஏமாந்தவனே அவன்தான். அதற்காக அவனை விட்டுவிட எனக்கு மனசில்லை. நம்புவது லாபமாக இருந்ததால்தானே அவ்வளவு சீக்கிரம் நம்பினான்.

முதலில் அழைத்து வந்தது ஓய்வுபெற்ற ஒரு கண்டக்டரையும் அவர் மனைவியையும். கண்டக்டர் மெத்தையை அழுத்திப் பார்த்தார். சர்க்கரை மனைவிக்குத்தான், விவரமானவளும் அவள்தான்.

“மாத்திரை எல்லாம் எப்படிங்க?” என்று கேட்டாள்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் பாடத்தை மறக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு அக்காவையே பார்த்தான்.

“நிறுத்திட்டேங்க,” என்றாள் அக்கா.

நீல மெத்தை ஒன்று விலைபோயிற்று. அவர்கள் படியிறங்கியதும் அவன் சிரித்தான். “பிச்சு உதறிட்டக்கா. கோட்டே உன்கிட்ட பிச்சை வாங்கணும்.” அக்கா சிரிக்கவில்லை. அதன்பிறகு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஆபீஸ் சுவரில் அவன் போட்டோவை மாட்டினார்கள்.

ஒருநாள் மெஷின் ஊசி உடைந்து தரையில் விழுந்து, அக்காவின் காலில் ஏறியது. மரத்துப்போன கால், அவளுக்குத் தெரியவில்லை. மெத்தை பார்க்க வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டபோதுதான் அவன் குனிந்து பார்த்தான். பாதம் கறுத்திருந்தது.

“மாத்திரைய எப்ப நிறுத்தினாங்க?” என்றார் டாக்டர்.

“நிறுத்தல சார். வர்றவங்ககிட்ட சும்மா அப்படிச் சொல்லுவாங்க.”

அக்கா கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். “மொத தடவை சும்மாதான் சொன்னேன். அன்னைக்குத் தூக்கமே வரல. நம்பி வாங்கிட்டுப் போறாங்களே, என் வாயால பொய் சொல்லி உன்னையும் பொய்யனாக்கலாமா? மறுநாளே நிறுத்திட்டேன்.”

இத்தனை நாள் அவள் வீட்டுக்குப் போய்வந்தவன், மாத்திரை டப்பாவை ஒருதரம் திறந்து பார்க்கவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மெஷினை மிதிக்கும் கால்.

பக்கத்துக் கட்டில் அம்மாளுக்கும் சர்க்கரைதான். பேச்சோடு பேச்சாக, தம்பிக்கு என்ன வேலை என்று விசாரித்தாள்.

“மெத்தை விக்கறான். நல்ல மெத்தைங்க. நான்தான் அவசரப்பட்டு மாத்திரைய விட்டேன். மெத்தை மேல தப்பு இல்ல,” என்றாள் அக்கா.

அந்த அம்மாள் அவன் பக்கம் திரும்பினாள். “என்ன விலைங்க?”

விலையைச் சொல்லிவிட்டு வாயை மூடவேண்டிய இடம். அவன் விலையைச் சொல்லவில்லை.

“வேண்டாம்மா. அதுல ஒண்ணுமே இல்ல. வெறும் பஞ்சு. மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க.”

சொன்னதும் பாரம் இறங்கியது போல இருந்தது அவனுக்கு. அக்கா, கால் இருந்த இடத்தில் தட்டையாகக் கிடந்த போர்வையை இழுத்து நேராக்கினாள்.

“அந்தக் கண்டக்டர் சம்சாரம்,” என்றாள் மெதுவாக. “நான் சொன்னதைக் கேட்டு அதுவும் நிறுத்தியிருக்குமாடா?”