வெள்ளிக்கிழமை துவக்க விழா

கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகராக இருந்தேன். ஒரு சித்திரை மாதம், பிள்ளைகளுக்கான கோடை முகாமைத் திட்டமிட வாசகர் வட்டம் கூடியது. முகாமில் பிள்ளைகள் என்ன செய்யலாம் என்று நான் யோசித்து வைத்திருந்ததை யாரும் கேட்கவில்லை. துவக்க விழாவுக்கு யார் தலைமை, யாருக்கு முதலில் பொன்னாடை என்றே பேசினார்கள். பொன்னாடை போர்த்தியே பாதிக் கோடை போய்விடும் போலிருந்தது.

நடுவில் கரண்ட் போனது. கூட்டம் கலையவில்லை. என்னால் உட்காரவே முடியவில்லை. எழுந்து ஜன்னல்களைத் திறந்தேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து ஜன்னலருகே போய் நின்றேன். எதிர் மைதானத்தில் பிள்ளைகள் அந்த வெயிலிலும் செருப்பில்லாமல் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. சுவரில் தொங்கிய காலண்டரை எட்டிப் பார்த்துவிட்டு, "வர்ற வெள்ளிக்கெழம வச்சுக்கலாம், முகூர்த்த நாளு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"வெள்ளிக்கெழம லைப்ரரி லீவு சார்" என்றேன். தினமும் பேப்பர் படிக்க வருகிறவர்கள்தான், ஒருவருக்கும் அது நினைவில்லை. இனி தேதியை மாற்றுவார்கள், மறுபடி முதலிலிருந்து பேசுவார்கள் என்று நினைத்தபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

"அதுவும் நல்லதுதாம்மா. பசங்க தொல்ல இல்லாம விழாவ நிம்மதியா முடிச்சுடலாம். அவுங்கள மறுநாள் வரச் சொல்லிடுங்க."

அதற்கும் எல்லோரும் தலையாட்டினார்கள்.