ஈர்க்குச்சியில் சாக்லேட் உருண்டை

ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணமான என் அக்கா, கிறிஸ்துமஸ் நெருங்கியும் திருமுல்லைவாயிலில் எங்கள் வீட்டிலேயேதான் இருந்தாள். அவள் புருஷன், எங்கள் மாமா, ஆவடியில் வேலை பார்த்தார். உலகச் சண்டைக் காலத்தில் அங்கே முளைத்த பட்டாளத்து முகாமில், வெள்ளைக்கார அதிகாரிகளின் மெஸ்ஸில் சமையல்காரர். தங்குவதற்கு ஓர் அறையும் கொடுத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் சைக்கிளில் வருவார், கறிச்சோறு சாப்பிடுவார், வந்த வழியே தனியாகத் திரும்பிவிடுவார்.

"எப்ப கூட்டிகினு போறீங்க மாப்ளே?" என்று அம்மா கேட்டால், "பாக்கலாம் அத்தே" என்பார். கிணற்றடியில் பெண்கள் அக்காவிடம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அவளுக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. எனக்கோ அவர்மேல் கொள்ளைக் கோபம். எனக்குப் பதினான்கு வயது, மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாமா ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ஊருக்குத் திரும்பிய அதிகாரி ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதாம். ஈயத்தாளைப் பிரித்தால் செங்கல் அளவுக்குக் கறுப்புப் பாளம். மூலையில் ஒரு துணுக்கைக் கடித்தேன். முதலில் கசந்தது, அப்புறம் இனித்தது, அப்புறம் நாக்கில் இருந்த இடமே தெரியவில்லை. இன்னொரு துணுக்குக்குக் கை நீட்டினேன், அக்கா கையில் ஓர் அடி போட்டாள்.

"இத்த உருக்கி, பலகாரத்த அதுல முக்கி எடுப்போம்," என்றார் மாமா. "எங்க மெஸ்ஸுல தொரசானிங்க வெள்ளை கையுறை போட்டுகினு துன்னுவாங்க. ஒரு பொட்டு ஒட்டாது. உங்க அக்கா செஞ்சா மூஞ்சியெல்லாம் பூசிக்குவா. அங்க கூட்டிகினு போனா என் மானந்தான் போவும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

"கையில ஒட்டாம செஞ்சி காட்டுனா?"

"அன்னிக்கே கூட்டிகினு போறேன். அடுத்த ஞாயித்துக்கெயம பாக்கலாம்."

சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் நாங்கள் அடுப்படியில் இருந்தோம். வேர்க்கடலை உருண்டைக்கு வெல்லப் பாகு காய்ச்சாத கையா எங்கள் கை? கட்டியை உடைத்துச் சட்டியில் போடு, ஒரு கை தண்ணீர் விடு, கொதிக்க வை, பதம் பார். இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று பாளத்தில் பாதியை உடைத்துப் போட்டாள் அக்கா. ஒரு கை தண்ணீரும் விட்டாள்.

வெல்லம் தண்ணீரைக் கண்டால் இளகும். இந்தச் சனியன் தண்ணீரைக் கண்டதும் முறுக்கிக்கொண்டது. பளபளவென்று உருக ஆரம்பித்தது சட்டென்று திரிந்து, மணல்மணலாகி, கரண்டியைக் கவ்விக்கொண்டு ஒரே கட்டியாக நின்றது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டோம். சேறானது. நெருப்பைக் கூட்டினோம். தீய்ந்த நாற்றம் வந்தது. அக்கா சட்டியைப் பார்த்துக்கொண்டே அழுதாள். நான் மாமாவைத் திட்டினேன், சாக்லேட்டைத் திட்டினேன், வெள்ளைக்காரனையும் விட்டுவைக்கவில்லை.

திட்டிக்கொண்டே மீதிப் பாளத்தை எடுத்து வைக்கப் போனவள் அப்படியே நின்றேன். அடுப்பு மேடையில், நெருப்புக்கு ஒரு முழம் தள்ளி வைத்திருந்த அந்தப் பாதி, ஈயத்தாளுக்குள்ளேயே நெய்போல இளகியிருந்தது. தண்ணீரும் கேட்கவில்லை, கொதியும் கேட்கவில்லை.

"யக்கா! இதுக்கு சூடு காட்டுனா போதும்க்கா! தண்ணியே ஆவாது!"

மறுநாள் வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் ஒரு பித்தளைக் கிண்ணத்தை, அடி தண்ணீரில் படாமல் உட்கார வைத்தோம். கிண்ணத்துக்குள் ஆவி வேர்த்துச் சொட்டிவிடக் கூடாதே என்று நான் முந்தானையால் சுற்றித் துடைத்துக்கொண்டே நின்றேன். மெள்ள மெள்ள உருகியது. கறுத்து, மினுமினுத்து, கரண்டியிலிருந்து பட்டு நூலாக இறங்கியது. நான் குதித்தேன். அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பேய் புடிச்சிகீதா?" என்று கேட்டாள்.

ஆனால் முக்குவது வேறு கதை. கடலை உருண்டையை விரலால் முக்கினால் விரல் பதிந்தது. கரண்டியால் எடுத்தால் ஒரு பக்கம் வழித்துக்கொண்டு வந்தது. தட்டில் வைத்த உருண்டை தன்னைச் சுற்றி ஒரு குட்டை கட்டிக்கொண்டு ஒட்டிப்போனது. பெயர்த்தால் பாதி தட்டோடு நின்றது. எங்கள் தாடையில், தாவணியில், கதவில், பூனையின் வாலில்கூடச் சாக்லேட். மாமா சொன்னபடியேதான் ஆகியிருந்தது. அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. கிண்ணத்தில் மிஞ்சியது ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும்.

சனிக்கிழமை வரை அக்கா அதே யோசனையாக இருந்தாள். சாயங்காலம் கொல்லையில் விழுந்து கிடந்த பச்சைத் தென்னமட்டையிலிருந்து ஈர்க்கைக் கிழித்துச் சீவ ஆரம்பித்தாள். "உருண்டை சூடா கீறப்பவே குச்சிய சொருவிடலாம். ஆறுனா இறுக்கிக்கும். அப்புறம் கைக்கு இன்னா வேலை?" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஞாயிறு விடியலில், மார்கழிக் குளிரில், வேலை தொடங்கினோம். நெல்லிக்காய் அளவு கடலை உருண்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஈர்க்கு. குச்சியைப் பிடித்து முக்கி, தூக்கி, கிண்ணத்து விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, வழிவது நிற்கும்வரை சுழற்றினாள் அக்கா. எங்கே காயவைப்பது என்று நான் விழிக்க, குலை தள்ளி வெட்டிய வாழைமரத்தின் துண்டைக் காட்டினாள். குச்சியின் மறுமுனையை அதில் குத்தினேன். உருண்டை எதன்மேலும் படாமல் அந்தரத்தில் நின்றது. இருபத்திரண்டு உருண்டைகள்! ஒரு விரல் தடம் இல்லை, ஒரு சொட்டு சிந்தவில்லை. பூசைக்குப் போய் வருவதற்குள் இறுகி, பளபளத்து நின்றன. அன்று கோயிலில் நான் செய்த ஜெபத்தைப் பாதிரியார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

மாமா வேலையிலிருந்து நேரே, வெள்ளைக் கோட்டோடு வந்தார். வாழைத்துண்டைக் கூடத்தின் நடுவில் வைத்தோம். அவர் குச்சியைப் பிடித்து ஒன்றைத் தின்றார். விரலைப் பார்த்தார். சுத்தம். இன்னொன்று தின்றார்.

"குச்சியில துன்னா யாருக்குத்தான் ஒட்டாது? இது கள்ளாட்டம்," என்று மூன்றாவதைக் குச்சியிலிருந்து பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். எங்காவது குறை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டாளத்துச் சாக்லேட் எப்படி இருக்க வேண்டும் என்று எங்கள் அப்பாவுக்கு ஒரு பிரசங்கமும் செய்தார். பேச்சு முடிந்தபோது உள்ளங்கை முழுக்கக் கறுப்பு. திடுக்கிட்டுப் போய்க் கோட்டில் துடைத்துவிட்டார்.

அக்கா அந்தக் கறையைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "தொரசானி பாத்தா உங்க மானம் இன்னா ஆவும்? அங்க தொவைக்க ஆள் வோணும். எப்ப கெளம்பலாம்?"

அப்பாதான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு மாமா சிரித்தார், காது சிவக்கச் சிவக்க. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே டிரங்குப் பெட்டியை இழுத்தாள். நான் "ஜெயிச்சிட்டோம், ஜெயிச்சிட்டோம்!" என்று கத்திக்கொண்டு, கிணற்றடிக்காரிகளிடம் சொல்வதற்காகத் தெருவில் இறங்கி ஓடினேன். கிணற்றருகே போய் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்க அக்கா போறா!" என்று உரக்கச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே காதில் விழுந்தது. இனி இந்தக் கிணற்றடிக்குக் குடத்தோடு நான் மட்டும்தான் வருவேன்.