மரவள்ளிக்கு மேலே இஞ்சி

நேற்று இங்கே இத்தாலியில், போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஆபிரிக்கக் கடையில் மரவள்ளிக்கிழங்கு குவித்து வைத்திருந்தார்கள். நல்ல கிழங்கா என்று பார்க்க ஒன்றின் நுனியை முறித்து மணந்து பார்த்தேன். அவ்வளவுதான், கிழங்கைக் குவியலிலேயே போட்டுவிட்டேன். என் முகத்தைப் பார்த்த கடைக்காரப் பையன், கிழங்கு இன்றைக்கு வந்தது என்று சத்தியம் பண்ணினான். இந்தக் கிழங்கைத் தின்றுவிட்டு ஒரு பின்னேரம் முழுக்க நான் செத்துக்கொண்டிருந்தேன் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? உங்களுக்கென்றால் சொல்லலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் இதே நகரத்தின் சீசா என்ற பகுதியில் ஒரு நாலாம் மாடி வீட்டில் மூன்று பெண்கள் சேர்ந்து இருந்தோம். மன்னாரிலிருந்து வந்த செல்வியக்கா, குருநகர்க்காரி நான், மூன்றாவது மெர்சேதெஸ். அவள் டொமினிக்கன் குடியரசுக்காரி. மூவருக்கும் சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய வீட்டுக்காரிகளின், வீடுகளில் வேலை, வியாழன் பின்னேரம் லீவு. மூவரிடமும் பெர்மெசோ, அதுதான் தங்கும் அனுமதிப் பத்திரம், இல்லை. பெர்மெசோ இல்லாதவள் தெருவில் பலமாக இருமக்கூடப் பயப்படுவாள். எனக்கு அதற்கு மேலே இன்னொரு பயமும் இருந்தது. ஐந்து வயது மகளை ஊரில் என் அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

அப்படி ஒரு வியாழன் மெர்சேதெஸ் மரவள்ளி அவித்து, வெங்காயம் வதக்கி மேலே கொட்டினாள். மூக்கு முட்டத் தின்றேன். மூக்கு ஒழுகிக் கொஞ்சம் தடிமனாகவும் இருந்ததால் இஞ்சி இடித்துப் போட்டு ஒரு பிளேன்ரீயும் குடித்தேன். கோப்பை காலியான பிறகுதான் செல்வியக்கா குசினிக்குள் வந்தார்.

"கிழங்குக்கு மேலை இஞ்சியே குடிச்சனி?"

"ஓம்."

"உனக்கென்ன விசரே?"

செல்வியக்காவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. மரவள்ளி தின்றால் இஞ்சியைத் தொடக்கூடாது, தொட்டால் நஞ்சு. அப்படிச் செத்தவரை நான் கண்டதில்லை. ஆனால் செத்தவரைக் கண்டவரைத் தெரிந்தவர் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்தார். எனக்கு உடனே நாக்கு மரத்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவம், எழும்பு" என்றார் செல்வியக்கா.

"அங்கை வாசலிலை பொலிஸ் நிக்கும். நான் வரமாட்டன்."

சாவுக்குப் பயந்துகொண்டே சாவை விடப் பொலிசுக்குப் பயந்திருக்கிறேன், பாருங்கள்.

மெர்சேதெசுக்கு இஞ்சிக் கதை விளங்கவில்லை. கிழங்கு நஞ்சு என்றது மட்டும் விளங்கியது. அவள் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிரிக்கவில்லை. அவள் அரைகுறை இத்தாலியனில் சொன்னது எனக்கு நம் தமிழில்தான் ஞாபகம். "ஓம், இதுக்குள்ளை சாவு இருக்கு. எங்கடை ஆக்களுக்குத் தெரியும்."

அவளுடைய ஆட்கள் தைனோக்கள். கொலம்பசின் கப்பல் போனபோது அந்தத் தீவுகளில் இருந்த சனம். கசப்பு மரவள்ளியைத் துருவி, ஓலையில் பின்னிய நீளப் பைக்குள் திணித்துப் பிழிந்து, நஞ்சுத் தண்ணீரை வடித்துவிட்டு மாவை ரொட்டியாகச் சுடுவார்களாம். பிறகு வந்தவர்கள் தங்கம் கேட்டு அடித்து வருத்தியபோது, தாங்கமுடியாதவர்கள் அந்தத் தண்ணீரையே குடித்தார்களாம். செத்துக்கொண்டிருப்பவளுக்குச் சொல்கிற கதையா இது?

"புத்தகத்திலை நாங்கள் அழிஞ்சு போனமாம்" என்றாள். "நான் இஞ்சை நிண்டு உங்களுக்குக் கிழங்கு அவிக்கிறன்."

நான் அழுதேன். நான் செத்தால் மகளுக்கு யார் சொல்வது? செல்வியக்காவுக்கு எங்கள் ஒழுங்கையே தெரியாது. இதைச் சொல்லித்தான் அழுதேன். மெர்சேதெஸ் எழுந்து போய்ச் சீஸ் துருவியையும் ஒரு முள்ளுக்கரண்டியையும் எடுத்து வந்து, கிறிச் கிறிச்சென்று சுரண்டத் தொடங்கினாள். அவள் ஊரில் கீறல் போட்ட சுரைக்குடுக்கையை இப்படிச் சுரண்டுவார்களாம். தைனோக்கள் எதையும் எழுதிவைக்கவில்லை. கூடி ஆடி, ஒருவர் முன்னால் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடி, முன்னோரின் கதையை மறக்காமல் வைத்திருந்தார்கள். அதற்கு அரெய்தோ என்று பெயர்.

"பாடினவை எண்டு தெரியும். என்ன சொல்லிப் பாடினவை எண்டு இப்ப ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள். "நீ உன்ரை ஆக்களின்ரை பேரைச் சொல்லு. நான் வைச்சிருக்கிறன்."

பல் அடிக்க அடிக்கச் சொன்னேன். மகள் ஜெனிற்றா. அக்கா பிலோமினா. கோயில் மணி அடிக்கும் சந்தியாப்பிள்ளை. வலை பொத்தும் அந்தோனியண்ணை. தண்ணிக் குழாயடியில் என்னோடு எப்போதும் சண்டை பிடிக்கும் மரியம்மா. ஒழுங்கையில் ஒருவரையும் விடவில்லை. ஒவ்வொரு பெயரையும் அவள் சுரண்டிச் சுரண்டித் திருப்பிச் சொன்னாள். மற்றப் பக்கத்தில் செல்வியக்கா, மரிக்கிறவர்களுக்கான செபத்தைத் தொடங்கிவிட்டார். இரண்டுக்கும் நடுவில் பயந்தே செத்திருக்க வேண்டியவள் நான். பொழுது பட்டது. சாகவில்லை. பசித்தது.

அந்த வருடக் கடைசியில், ஆமி கிட்ட வந்துவிட்டதென்று, யாழ்ப்பாணச் சனம் முழுவதும் மழைக்குள் எழுந்து நடந்தது. கிழமைக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை. அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் இஞ்சிப் பயம் வெறும் பகிடி. ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஆளுக்கு ஏதும் நடந்துவிடும் என்று நான் வாயே திறக்கவில்லை. வியாழன்தோறும் மெர்சேதெஸ்தான் துருவியை மடியில் வைத்துக்கொண்டு, தன் ஸ்பானிய நாக்கால், வரிசை மாறாமல் எல்லாரையும் சொன்னாள். தை மாதம் ஒரு பாதர் மூலம் அக்காவும் ஜெனிற்றாவும் கிளிநொச்சியில் உயிரோடு இருப்பது தெரிந்தது. மற்றவர்களில் அநேகரைப் பற்றிப் பிறகும் தெரியவில்லை.

அடுத்த கோடையில் மொண்டெல்லோக் கடற்கரைக்குச் சாப்பாட்டுக்கடை வேலைக்கென்று போன மெர்சேதெஸ் திரும்பி வரவில்லை. ஸ்பெயினுக்குப் போய்விட்டாள் என்றார்கள். பிடித்து ஊருக்கு ஏற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள். பல வருடம் கழித்துக் குருநகருக்குப் போனேன். ஒழுங்கை இருக்கிறது, அன்று நான் சொன்ன பெயர்களில் ஒருவரும் அங்கே இல்லை. இப்போது எனக்கே மரியம்மாவுக்குப் பிறகு யாரைச் சொன்னேன் என்று ஞாபகம் வரமாட்டேன் என்கிறது. அந்த வரிசையைக் கடைசிப் பெயர்வரை தெரிந்தவள் மெர்சேதெஸ் ஒருத்திதான். அவள் இருக்கிறாளா என்று யாரிடமும் விசாரிக்க எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.